கிராலர் வண்டியில் ஒரு பாகத்தை வலுப்படுத்தினால் அடுத்த பாகம் உடைகிறது: டிரைவ்டிரெய்னை (மோட்டாரிலிருந்து சக்கரம் வரையிலான இயக்கத் தொடரை) காப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். 1/10 அளவுள்ள ரேடியோ கட்டுப்பாட்டு ராக் கிராலர் (பாறைகளில் மெதுவாக ஏறும் மாதிரி வண்டி) ஒன்றை ஓராண்டாக ஓட்டிவருகிறேன். வேறொருவர் பயன்படுத்திய வண்டியை வாங்கியதால், அதற்குள் அவர் என்னென்ன மாற்றங்கள் செய்திருந்தார் என்பது எனக்கு முழுமையாகத் தெரியாது. பேட்டரியோடு சேர்த்து எடை 3 கிலோ. டயரின் வெளிவிட்டம் 120 மி.மீ. மோட்டார் 540 அளவுள்ள, 35 கம்பிச் சுற்று கொண்ட பிரஷ் மோட்டார். இரண்டு ஆக்ஸில்களிலும் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பு) நிரந்தரமாக லாக் செய்யப்பட்டுள்ளது. முதலில் இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஓட்டினேன். ஆறு மாதங்களுக்கு முன்பு மூன்று செல்லுக்கு மாறினேன்.

அதன் பிறகுதான் தொல்லை தொடங்கியது. பாறை இடுக்கில் வலது முன்சக்கரம் சிக்கியிருந்தபோது ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி முன்னும் பின்னுமாக எடுக்க முயன்றேன். முன் ஆக்ஸில் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட்டில் (வளைந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) கவை போன்ற பகுதியின் ஒரு காது முறிந்தது. இரண்டு பக்கமும் கடினப்படுத்திய எஃகு ஷாஃப்ட் போட்டேன். கையோடு கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்குச் செல்லும் பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்டுகளையும் எஃகுக்கு மாற்றினேன். மூன்று வாரங்களில் முன் ஆக்ஸிலின் ரிங் கியரில் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) பற்கள் போயின. அதே பல் எண்ணிக்கையில் கடைந்தெடுத்த எஃகு கியர் போட்டேன். சென்ற வாரம் கியர்பாக்ஸின் நடுக் கியரில் இரண்டு பற்கள் அடியோடு பெயர்ந்துவிட்டன.

செங்குத்தான ஏற்றங்களில் ஸ்லிப்பர் கிளட்ச் (முறுக்கு அளவு மீறினால் வழுக்கி விட்டுக்கொடுக்கும் உராய்வு அமைப்பு) வழுக்கியதால் அதன் நட்டை இறுதிவரை முறுக்கி வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது கியர்பாக்ஸ் முழுவதையும் எஃகுக்கு மாற்றுவதுதான் வழியா, அல்லது அடிப்படையிலேயே ஏதோ தவறு செய்கிறேனா?

மறுமொழி 1

கியர்பாக்ஸை எஃகுக்கு மாற்றும் எண்ணத்தைச் சற்றுத் தள்ளிவையுங்கள். உடைந்த பாகம்தான் பலவீனமான பாகம் என்று எடுத்துக்கொண்டு அதை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், உடைவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குடிபெயருமே தவிர நிற்காது. உங்கள் வண்டியில் நடந்திருப்பதும் அதுதான்.

முதலில் ஒரு சிறு கணக்கு. வண்டியின் எடை 3 கிலோ என்றால், அந்த எடை முழுவதும் ஒரே டயரின் மேல் நிற்பதாகவே வைத்துக்கொள்வோம். பாறைக்கும் ரப்பருக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை 1 என்று கொண்டால், டயர் வழுக்காமல் தாங்கக்கூடிய விசை ஏறத்தாழ 29 நியூட்டன். டயரின் ஆரம் 60 மி.மீ. ஆகவே ஆக்ஸில் ஷாஃப்டில் வரக்கூடிய முறுக்குவிசை 1.8 நியூட்டன் மீட்டரைத் தாண்டாது. அதற்கு மேல் போனால் டயர் வழுக்கிவிடும். இந்த அளவு முறுக்கை நல்ல நிலையில் உள்ள எந்த 1/10 ஆக்ஸில் ஷாஃப்டும் தாங்க வேண்டும். அப்படியிருந்தும் ஷாஃப்ட் உடைகிறது என்றால், டயர் வழுக்க முடியாதபடி எங்கோ ஆப்பு வைத்தாற்போல் மாட்டியிருக்க வேண்டும், அல்லது விசை திடீரென்று அடியாக இறங்கியிருக்க வேண்டும். உங்கள் முதல் உடைவில் இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

சக்கரம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். கணக்குக்காக, மோட்டார் பினியனுக்கும் (மோட்டார் தண்டிலுள்ள சிறு கியர்) அது சுற்றும் பெரிய ஸ்பர் கியருக்கும் இடையே 4 மடங்கு, கியர்பாக்ஸுக்குள் 2.5 மடங்கு, ஆக்ஸிலில் 3.75 மடங்கு வேகக் குறைப்பு இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 37.5 மடங்கு. மோட்டார் 0.1 நியூட்டன் மீட்டர் கொடுத்தால், உராய்வு இழப்பை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, ஆக்ஸிலுக்கு 3.75 நியூட்டன் மீட்டர் வந்து சேர்கிறது. டிஃபரன்ஷியல் லாக் செய்யப்பட்டிருப்பதால், மற்ற மூன்று சக்கரங்களும் அந்தரத்தில் இருந்தால் அந்த முறுக்கு முழுவதையும் மாட்டிக்கொண்ட ஒற்றை ஷாஃப்ட் சுமக்க வேண்டும். டயரின் பிடிமானம் என்ற இயற்கையான வரம்பு அங்கே இல்லாமல் போய்விடுகிறது.

இதைவிடக் கொடியது மோட்டாரின் சுழலும் பகுதியில் சேர்ந்திருக்கும் ஆற்றல். சக்கரம் அந்தரத்தில் சுழன்று, பிறகு பாறையில் பட்டு ஒரு கணத்தில் நிற்கும்போது, மோட்டாரும் அதே கணத்தில் நின்றாக வேண்டும். வேகக் குறைப்பு 37.5 மடங்கு என்றால், மோட்டார் சுழலியின் நிலைமம் சக்கரத்தின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அதன் வர்க்கமாக, அதாவது சுமார் 1,400 மடங்காகத் தெரியும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுழலி, ஷாஃப்டுக்குப் பெரிய சம்மட்டியாகிவிடுவது இப்படித்தான். இரண்டு செல்லிலிருந்து மூன்று செல்லுக்குப் போகும்போது மின்னழுத்தம் 7.4 வோல்ட்டிலிருந்து 11.1 ஆகிறது, சுமையற்ற வேகம் ஒன்றரை மடங்காகிறது, ஆனால் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 2.25 மடங்காகிறது. உங்கள் தொல்லை மூன்று செல்லோடு தொடங்கியதில் வியப்பில்லை.

அந்த ஆற்றலை எங்காவது யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பு பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்டுகள் சற்று முறுகிக்கொடுத்து அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டன. அவற்றை நீக்கி எஃகு போட்டதும், முறுகிக்கொடுக்க ஆளில்லாமல் அதே ஆற்றல் இன்னும் குறுகிய நேரத்தில், இன்னும் உயர்ந்த உச்ச விசையாக ரிங் கியரின் பல்லில் இறங்கியது. விறைப்பைக் கூட்டினால் அடியின் உச்சமும் கூடும் என்பதைப் பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நான் எஃகு டிரைவ் ஷாஃப்டுக்கு எதிரானவன் அல்லன். ஆனால் அதைப் போடுகிறவர் ஸ்லிப்பரை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

நீங்களோ ஸ்லிப்பரை இறுதிவரை முறுக்கியிருக்கிறீர்கள். அதாவது, வேண்டுமென்றே வழுக்குவதற்காக வைக்கப்பட்ட ஒரே இடத்தையும் அடைத்துவிட்டீர்கள். ஸ்லிப்பர் ஸ்பர் கியரில் இருப்பதால், அங்கே வைக்கும் வரம்பு அதற்குப் பின்னால் வரும் குறைப்பால் பெருகி ஆக்ஸிலில் வரம்பாகிறது. மேற்சொன்ன கணக்கில் ஆக்ஸிலில் 2.2 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டாம் என்றால், ஸ்பர் கியரில் ஸ்லிப்பர் ஏறத்தாழ 0.23 நியூட்டன் மீட்டரில் வழுக்க வேண்டும். டயரின் பிடிமானத்துக்குச் சற்று மேலே, ஷாஃப்டின் வலிமைக்கு நன்றாகக் கீழே என்பதுதான் அதற்குரிய இடம்.

ஏற்றத்தில் அது வழுக்கியது ஏன் என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நட்டை முறுக்குவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவதுபோல. ஸ்லிப்பரைக் கழற்றி, தகடுகளின் முகத்தையும் உராய்வுப் பட்டையையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஸ்லிப்பர் காப்பாற்றாத சுமை ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கிராலர்களில் கியர்பாக்ஸுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. முன் டிரைவ் ஷாஃப்டும் பின் டிரைவ் ஷாஃப்டும் ஒரே தண்டால் இறுகப் பிணைக்கப்பட்டவை. ஆகவே முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்போது பிறக்கும் முறுக்கு, முன் ஆக்ஸிலிலிருந்து கியர்பாக்ஸ் வழியாகப் பின் ஆக்ஸிலுக்குப் போகிறது. ஸ்லிப்பர் இருக்கும் பக்கமே அது எட்டிப் பார்ப்பதில்லை. ஸ்லிப்பரை எவ்வளவு தளர்த்தி வைத்தாலும் அந்தச் சுமை குறையாது.

இது எப்போது பெரிதாகும் என்றால், முன் ஆக்ஸிலின் கியர் விகிதமும் பின் ஆக்ஸிலின் விகிதமும் வேறுபடும்போது. ஓவர்டிரைவ் என்று நாம் சொல்வது இதைத்தான். எடுத்துக்காட்டாக, ஆக்ஸியல் நிறுவனத்தின் பழைய எஸ்சிஎக்ஸ்10 வண்டியின் ஆக்ஸில்களில் ரிங் கியருக்கு 38 பல்லும் பினியனுக்கு 13 பல்லும் இருந்தன, விகிதம் 2.92. அதற்கு மாற்றாகக் கிடைத்த 36க்கு 14 என்ற ஜோடியின் விகிதம் 2.57. முன்னால் இதையும் பின்னால் அதையும் போட்டால், முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட ஏறத்தாழ 13.7 விழுக்காடு வேகமாகச் சுழலும். செங்குத்தில் முன்பகுதி முன்னோக்கி இழுக்கும், குறுகிய இடத்தில் வண்டி சட்டென்று திரும்பும், நன்மைதான். ஆனால் கரடுமுரடான சிமெண்டுத் தரையில் ஒரு மீட்டர் ஓட்டினால், ஏதோ ஒரு ஜோடி டயர் 13 செ.மீ.க்கும் மேல் தேய்ந்து இழுபட்டே தீர வேண்டும். இழுபடுவதற்கு முன்பு அத்தனை விசையும் ஷாஃப்டுகளிலும் கியர் பற்களிலும் முறுக்காக நிற்கிறது. அது டயரின் பிடிமானத்தைத் தாண்டாது என்பதால் ஒரே நாளில் எதையும் உடைக்காது. ஆனால் ஓயாமல் சுமத்தப்படும் சுமை உலோகத்தைச் சோர்வடையச் செய்யும். முந்தைய உரிமையாளர் என்ன செய்திருந்தார் என்று தெரியாது என்கிறீர்கள். இரண்டு ஆக்ஸில்களையும் திறந்து பற்களை எண்ணிவிடுங்கள். அல்லது வண்டியைத் தூக்கிவைத்து, ஸ்பர் கியரைக் கையால் சுற்றி, முன்சக்கரமும் பின்சக்கரமும் பத்துச் சுற்றுக்குப் பிறகு ஒன்றாக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது ரிங் கியர். எஃகு கியர் போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, ஆக்ஸில் பினியனின் பேரிங் எந்த நிலையில் இருந்தது, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) எத்தனை வைத்தீர்கள் என்று எழுதவில்லை. ரிங் கியரும் பினியனும் கூம்புப் பற்கள் கொண்டவை. சுமை ஏறும்போது அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அந்தத் தள்ளுதலைத் தாங்கி நிற்பவை பேரிங்குகள் மட்டுமே. பேரிங் தேய்ந்து ஆடத் தொடங்கினால், கையால் சுற்றிப் பார்க்கும்போது பற்கள் சரியாகப் பொருந்தியிருப்பதுபோலத் தோன்றும். ஏற்றத்தில் சுமை வந்ததும் பினியன் விலகி, பல்லின் நுனி மட்டும் பல்லின் நுனியைப் பிடிக்கும். எவ்வளவு நல்ல எஃகானாலும் நுனியில் தாங்க முடியாது.

ஆகவே உடைந்த கியர்களைத் தூக்கி எறியாதீர்கள், அவற்றைப் படிக்கலாம். பற்களின் நுனி மழுங்கி உருண்டிருந்தால், பொருத்தம் விலகியிருக்கிறது. பேரிங்கையும் ஷிம்மையும் பாருங்கள். பல் அடியோடு பெயர்ந்து, முறிந்த முகம் முழுவதும் ஒரே மாதிரி சொரசொரப்பாக இருந்தால், ஒரே அடியில் போயிருக்கிறது. முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக, அலை ஒதுங்கிய மணல்போல மெல்லிய வரிகளோடும், மீதிப் பகுதி சொரசொரப்பாகவும் இருந்தால், விரிசல் பல நாள்களாக வளர்ந்து கடைசியில் ஒருநாள் விட்டுக்கொடுத்திருக்கிறது. ஷாஃப்டுகளுக்கு இன்னும் எளிய வழி உண்டு: நீளவாக்கில் நேராக ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். கோடு கயிற்றுப் புரிபோலச் சாய்ந்தால் ஷாஃப்ட் முறுகிவிட்டது; உடைவதற்கு முன்பே மாற்றிவிடலாம்.

மறுமொழி 3

சுருக்கமாக ஒன்று. "முன்னும் பின்னுமாக எடுக்க முயன்றேன்" என்ற வரிதான் என் கண்ணில் பட்டது. மோட்டாரிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு பல்லுக்கும், ஒவ்வொரு பின்னுக்கும் இடையே சிறு தளர்ச்சி இருக்கும். திசையை மாற்றும் ஒவ்வொரு முறையும் மோட்டார் அந்தத் தளர்ச்சி முழுவதையும் சுமையின்றிக் கடந்து, வேகமெடுத்துக்கொண்டு வந்து மறுபக்கப் பற்களில் மோதுகிறது. மாட்டிக்கொண்ட வண்டியை இப்படி ஆட்டி எடுப்பதைவிடக் கையால் தூக்கிவைப்பது மேல். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

ரிமோட்டில் த்ராட்டிலின் தொடக்கப் பகுதி மென்மையாக இருக்கும்படி எக்ஸ்போ வையுங்கள். மூன்று செல் பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால், த்ராட்டிலின் மேல் வரம்பை மூன்றில் இரண்டு பங்காகக் குறையுங்கள். உச்ச வேகம் பழையபடி இரண்டு செல்லுக்கு அருகில் வந்துவிடும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் பஞ்ச் (த்ராட்டில் கொடுத்ததும் மோட்டார் எவ்வளவு சட்டென்று பாய வேண்டும்) என்ற அமைப்பு இருந்தால் குறைவான நிலையில் வையுங்கள். டிராக் பிரேக் (விரலை எடுத்ததும் தானாகப் பிடிக்கும் பிரேக்) முழு அளவில் இருப்பது இறக்கத்துக்குத் தேவைதான். ஆனால் அது எவ்வளவு வேகமாகப் பிடிக்க வேண்டும் என்பதை மாற்ற முடிந்தால், உடனடியாகப் பிடிக்கும் நிலையில் வைக்காதீர்கள். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது விரலை எடுத்தவுடன் அது பிடிப்பது, பற்களின் பின்முகத்தில் விழும் அடி.

கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் நன்றி. இரண்டு மாலைப்பொழுதுகளைச் செலவிட்டு வண்டியை முழுவதும் பிரித்துப் பார்த்தேன். கண்டவற்றை அப்படியே எழுதுகிறேன்.

ஸ்லிப்பரின் உராய்வுப் பட்டை கண்ணாடிபோல மினுமினுத்தது. அதன் மேல் கிரீஸ் படிந்திருந்தது. கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் மேல் தண்டின் பேரிங் மூடி தேய்ந்து, உள்ளிருந்த கிரீஸ் தண்டின் வழியாகக் கசிந்திருக்கிறது. அதனால்தான் ஏற்றத்தில் வழுக்கியிருக்கிறது. நான் அதைத் தளர்ச்சி என்று நினைத்து முறுக்கியிருக்கிறேன்.

முன் ஆக்ஸிலில் பற்களை எண்ணினேன். 36க்கு 14. பின்னால் 38க்கு 13. எனக்கே தெரியாமல் ஓராண்டாக ஓவர்டிரைவோடு ஓட்டியிருக்கிறேன்; அதிலும் பாதி நேரம் மொட்டைமாடியின் சிமெண்டுத் தரையில்.

முன் ஆக்ஸில் பினியனின் வெளிப் பேரிங்கில் விரலால் உணரக்கூடிய ஆட்டம் இருக்கிறது. பழைய ரிங் கியரின் பற்கள் நுனி மழுங்கியே போயிருக்கின்றன. ஆனால் கியர்பாக்ஸின் நடுக் கியரில் முறிந்த முகம் முழுவதும் சொரசொரப்பு. முதலில் உடைந்த ஷாஃப்டின் காதில் பாதி வழவழப்பு, பாதி சொரசொரப்பு. அப்படியென்றால் மூன்று உடைவுகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் என்று கொள்ளலாமா?

இன்னொன்று. சஸ்பென்ஷனை முழுவதும் அழுத்தினால் முன் டிரைவ் ஷாஃப்ட் ஏதோ இடிப்பதுபோல ஒரு தடை தெரிகிறது. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக ஓட்டினால் முன்சக்கரங்கள் விட்டுவிட்டுத் துடிக்கின்றன. இவை இரண்டும் இயல்பானவையா?

மறுமொழி 2

மூன்று உடைவுகளுக்கு மூன்று காரணங்கள் என்பதே சரி. காது முறிந்தது சோர்வால். ரிங் கியர் போனது பேரிங்கால். நடுக் கியர் போனது, கசிந்த கிரீஸால் நீங்கள் முறுக்கிய அந்த நட்டால்.

நீங்கள் கடைசியாகக் கேட்ட இரண்டில், சக்கரம் துடிப்பது இயல்பானது; ஷாஃப்ட் இடிப்பது இயல்பானதன்று.

துடிப்பை முதலில் பார்ப்போம். ஒற்றை யுனிவர்சல் ஜாயின்ட் வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே போகும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே வரும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறையும். வளைவு 30 பாகை என்றால் வெளியேறும் முறுக்குவிசையின் உச்சம் சுமார் 15 விழுக்காடு கூடும். 40 பாகையில் 30 விழுக்காடு. 45 பாகையில் 41 விழுக்காடு. அதாவது ஸ்டியரிங்கின் கடைசி ஐந்து பாகைக்காக நீங்கள் கொடுக்கும் விலை, முதல் முப்பது பாகைக்குக் கொடுத்த விலையில் முக்கால் பங்குக்கு வந்துவிடுகிறது. அதோடு, அந்தக் கோணத்தில் கவையின் காதுகள் ஒன்றையொன்று தொடும் நிலைக்கு வந்திருக்கும்; தொட்டுவிட்டால் அது ஜாயின்ட் அல்ல, நெம்புகோல். சோர்வு விரிசல் தொடங்கிய இடம் அதுவாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஷாஃப்டைக் கையால் சுற்றியபடி ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பி, எங்கே உரசத் தொடங்குகிறது என்று பார்த்து, அதற்கு இரண்டு மூன்று பாகை முன்னதாகவே ரிமோட்டில் ஸ்டியரிங்கின் எல்லையை நிறுத்துங்கள். முழுத் திருப்பத்தில் த்ராட்டிலைக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், சற்றே ஸ்டியரிங்கை விட்டுக்கொடுத்த பிறகு கொடுப்பதைக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள்.

நடுவிலுள்ள நீள டிரைவ் ஷாஃப்டுகளில் இருபுறமும் ஜாயின்ட் இருப்பதால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை இன்னொன்று சரிசெய்யும். ஆனால் இரண்டு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான். நீட்டிச் சுருக்கும் வகை ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது ஒரு பள்ளம் தள்ளி மாட்டிவிடுவது எளிது. அப்படி மாட்டினால் ஏற்ற இறக்கம் தீராமல் கூடவே செய்யும்.

இனி அந்த இடிப்பு. எஃகு ஷாஃப்டை வாங்கும்போது அதன் மிகக் குறுகிய நீளத்தை அளந்தீர்களா? சஸ்பென்ஷன் முழுதாக அழுந்தும்போது ஷாஃப்ட் சுருங்குவதற்கு இடமில்லாமல் முட்டினால், அது ஆக்ஸில் பினியனை நேராக உள்ளே தள்ளும். உங்கள் வெளிப் பேரிங் அதனால்தான் ஆடத் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். மறுகோடியும் உண்டு: சஸ்பென்ஷன் முழுதாகத் தொங்கும்போது இரண்டு பாதிகளும் மிகக் குறைவாகவே ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருந்தால், அந்தச் சிறு பிடிப்பிலேயே முறுக்கு முழுவதும் நின்று, உள்வரிகள் (இரண்டு பாதிகளையும் பிணைக்கும் பள்ளங்கள்) கிழிந்துவிடும். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலை மேலும் கீழும் சாய்த்தும் அசைத்து, இரண்டு கோடிகளிலும் அளந்து பாருங்கள். முழு அழுத்தத்தில் இரண்டு மி.மீ. இடைவெளியாவது மிஞ்ச வேண்டும் என்பது என் பழக்கம்.

ஓவர்டிரைவை வைத்திருப்பதும் நீக்குவதும் உங்கள் விருப்பம். பாறையில் மட்டும் ஓட்டுபவராக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். மொட்டைமாடியில் பாதி நேரம் என்றால், முன்னாலும் 38க்கு 13 போட்டுவிடுங்கள்.

மறுமொழி 4

போட்டிகளில் ஓட்டும் சிலர் ஸ்லிப்பரை முழுவதும் பூட்டியே ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் உடைவதில்லையே என்று யாராவது கேட்பதற்கு முன்பு நானே எழுதிவிடுகிறேன், ஏனெனில் நானும் அப்படி ஓட்டுபவன். ஸ்லிப்பர் வழுக்கும் தருணத்தில் சக்கரத்தின் நிலை என் விரலின் கட்டுப்பாட்டில் இல்லை. அது எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த உரிமைக்கு நான் கொடுக்கும் விலையையும் பாருங்கள். என் வண்டி 2.2 கிலோதான். 55 சுற்று மோட்டார், இரண்டு செல். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது த்ராட்டிலைத் தொடுவதே இல்லை. மூன்று செல்லும் 3 கிலோவும் வைத்துக்கொண்டு யாரும் என்னைப் பின்பற்ற வேண்டாம்.

போர்ட்டல் ஆக்ஸிலை (சக்கரத்தின் அருகே தனிக் கியர் பெட்டி கொண்ட ஆக்ஸில்) பற்றி யாரும் சொல்லவில்லை. டிராக்ஸஸ் நிறுவனத்தின் டிஆர்எக்ஸ்-4 வண்டி 2017இல் வந்தபோது இதைப் பரவலாகப் பேசவைத்தது. போர்ட்டலில் கடைசி வேகக் குறைப்பு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடப்பதால், அதற்கு முன்னால் இருக்கும் ஷாஃப்டும் ஜாயின்ட்டும் ரிங் கியரும் அந்தக் குறைப்பின் அளவுக்குக் குறைவான முறுக்கையே சுமக்கின்றன. தரையிலிருந்து உயரம் கூடுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்தச் சுமைக்குறைப்புதான் பெரிதாகப் படுகிறது. ஆனால் சுமை மறைந்துவிடவில்லை. போர்ட்டல் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு சிறு கியர்களின் மேல் ஏறியிருக்கிறது. அங்கே தண்ணீர் புகுந்து கிரீஸ் கழுவப்பட்டால் அவை முதலில் தேயும்.

ஷாஃப்ட் வாங்கும்போது விட்டத்தைப் பாருங்கள். முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஒரே உலோகத்தில் 4 மி.மீ. தண்டுக்குப் பதில் 5 மி.மீ. தண்டு போட்டால் வலிமை ஏறத்தாழ இருமடங்கு. பின்னுக்காகத் துளையிட்ட இடம்தான் தண்டின் உண்மையான வலிமை என்பதையும் மறக்க வேண்டாம்.

கேட்டவர் மீண்டும்

அளந்துவிட்டேன். முழு அழுத்தத்தில் ஷாஃப்ட் ஒன்றரை மி.மீ. அளவுக்கு முட்டுகிறது. ஆண் பாதியின் முனையை நான்கு மி.மீ. அறுத்தெடுத்துப் பிசிறு நீக்கினேன். தொங்கும் நிலையிலும் போதிய பிடிப்பு இருக்கிறது. பினியனின் இரண்டு பேரிங்குகளையும் மாற்றினேன். முன்னாலும் 38க்கு 13 போட்டாயிற்று.

ஓர் ஐயம். பாதுகாப்புக்காக மோட்டார் பினியனை 14 பல்லிலிருந்து 11க்குக் குறைக்கலாமா? ஸ்லிப்பரை இனி எந்த அளவுக்கு முறுக்குவது?

மறுமொழி 1

சிறிய பினியன் மோட்டாரின் சூட்டைக் குறைக்கும், வேகத்தை அடக்கும்; ஆனால் உடைவிலிருந்து காப்பாற்றும் என்று எண்ணிவிடாதீர்கள். 14க்குப் பதில் 11 என்றால் குறைப்பு சுமார் 1.27 மடங்கு கூடும். மாட்டிக்கொண்ட சக்கரத்தில் மோட்டார் கொடுக்கும் முறுக்கும் அதே அளவு கூடும். சுழலியின் நிலைமம் வர்க்கமாகக் கூடுவதால் அது 1.6 மடங்கைத் தாண்டும். ஸ்லிப்பர் பினியனுக்குப் பின்னால் இருப்பதால், அதைச் சரியாக வைத்தவருக்கு மட்டுமே இந்த மாற்றம் தீங்கில்லாதது. பினியனை மாற்றினால் ஸ்பர் கியரோடு அது பொருந்தும் இடைவெளியையும் மறுபடி வைக்க வேண்டும்: மெல்லிய தாள் துண்டை இரண்டுக்கும் நடுவே விட்டு மோட்டாரை நெருக்கி முறுக்கி, தாளைச் சுற்றி எடுங்கள், தாள் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வர வேண்டும். ஸ்பர் கியரை ஒரு முழுச் சுற்று சுற்றி, நான்கைந்து இடங்களில் தளர்ச்சியைப் பாருங்கள். வட்டம் சற்றுக் கோணலாக இருந்தால் மிக இறுக்கமான இடத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்.

ஸ்லிப்பருக்கு வருவோம். பட்டையை மாற்றுங்கள், மினுமினுத்த பழைய பட்டையை உப்புத்தாளில் தேய்த்துப் பயன்படுத்துவது தற்காலிகம்தான், கிரீஸ் ஊறியதென்றால் அதுவும் பயனில்லை. தகடுகளை ஆல்கஹாலால் துடைத்து, கசியும் பேரிங்கை மாற்றிய பிறகே மாட்டுங்கள். நட்டை, வண்டி ஏற்றத்தில் நிச்சயமாக வழுக்கும் அளவுக்குத் தளர்வாக வைத்துத் தொடங்கி, உங்களுக்குத் தெரிந்த மிகப் பிடிமானமான ஏற்றத்தில், ஒவ்வொரு முறையும் அரைக்கால் சுற்று மட்டும் முறுக்கிக்கொண்டே வாருங்கள். வண்டி வழுக்காமல் ஏறும் முதல் நிலையில் நிறுத்தி, அதற்கு மேல் இன்னோர் அரைக்கால் சுற்று மட்டும் கொடுங்கள். பிறகு ஸ்பர் கியரின் விளிம்பிலும் அழுத்தத் தகட்டின் விளிம்பிலும் நேருக்கு நேராக ஒரு பெயின்ட் புள்ளி வையுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் அந்தப் புள்ளிகளைப் பாருங்கள். அவை ஒருபோதும் விலகவில்லை என்றால் மிக இறுக்கம்; பாதி வழியிலேயே கியர் சூடாகிப் புள்ளிகள் எங்கெங்கோ போயிருந்தால் மிகத் தளர்ச்சி, பிளாஸ்டிக் ஸ்பர் கியர் உருகிவிடும்; சக்கரம் சிக்கிய நாளில் மட்டும் விலகியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

திருகுகளுக்குத் திரெட்லாக்கர் பசையைத் துளியளவு மட்டும், உலோகம் உலோகத்தில் இறங்கும் இடத்தில் மட்டும் தடவுங்கள். பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளில் பட்டால் அது வெடிப்பை உண்டாக்கும். ஷாஃப்டின் பக்கவாட்டுத் திருகு, தண்டின் தட்டையான பகுதியின் மேல்தான் உட்கார வேண்டும்; வட்டப் பகுதியில் உட்கார்ந்தால் எவ்வளவு பசை போட்டாலும் நழுவும்.

கேட்டவர் மீண்டும்

பினியனை 14இலேயே விட்டுவிட்டேன். பட்டை மாற்றி, நீங்கள் சொன்ன முறையில் ஏழு முறை ஏற்றி இறக்கி ஸ்லிப்பரை வைத்தேன். முன்பு நான் முறுக்கியிருந்த நிலையைவிட ஒன்றேகால் சுற்று தளர்வாக நிற்கிறது. கியர்பாக்ஸுக்குப் பழைய வகையிலேயே ஒரு நடுக் கியர் வாங்கி மாட்டினேன். நேற்று அதே பாறை இடுக்கில், அதே வலது சக்கரம் மறுபடி சிக்கியது. ஸ்லிப்பரிலிருந்து ஒரு கரகரப்புச் சத்தம் வந்தது, வண்டியைக் கையால் தூக்கிவைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது பெயின்ட் புள்ளிகள் கால் வட்டம் விலகியிருந்தன.